தொண்ணூற்றொன்பது வருஷத்துக் காடு

சர்க்கார் நிலம் வாங்குவது புதிய சமாசாரமல்ல. ரயில் பாதை போட வாங்குகிறார்கள். அணை கட்ட வாங்குகிறார்கள். ஆபீஸ் கட்டடம், ஆஸ்பத்திரி, ஆகாய விமான நிலையம் எல்லாவற்றுக்கும் வாங்குகிறார்கள். ஆனால், நிலத்தை வாங்கி, எல்லைக் கல் நட்டு, "இனிமேல் இங்கே யாரும் ஒன்றும் செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவதற்காகவும் சர்க்கார்கள் பணம் செலவழிக்கின்றன என்றால், நம் பாட்டனார்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். "வாங்கின நிலத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எதற்கய்யா காசு? சும்மா இருப்பது இனாம்தானே?" என்று கேட்டிருப்பார்கள்.

சும்மா இருப்பதற்கும் விலை உண்டு என்பதை 2002-ஆம் வருஷம் இங்கிலாந்து சர்க்கார் காட்டியது. அந்நாட்டில் தோர்ன், ஹாட்ஃபீல்டு, வெட்ஹோம் ஃப்ளோ என்று மூன்று பெரிய சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பாசியும் புல்லும் நீரில் ஊறி, முழுதும் மக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்துப்போன மண் அங்கே நிறைந்திருக்கிறது. 'பீட்' என்று அதற்குப் பெயர். அதை வெட்டி மூட்டை கட்டிப் பூந்தொட்டிகளுக்கு எருவாக விற்றுவந்தது ஸ்காட்ஸ் என்ற கம்பெனி. வெட்டுவதை நிறுத்துவதற்காக அந்தக் கம்பெனிக்குச் சர்க்கார் கொடுத்த தொகை 1 கோடியே 73 லட்சம் பவுன். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் வளரும் மண்ணை இயந்திரம் வாரிக்கொண்டு போகிறது என்ற கணக்கைப் பார்த்தால், தொகை அதிகம் என்று சொல்ல வாய் வராது.

அதைவிட வேடிக்கையான சம்பவம் அயர்லாந்தில் நடந்தது. ஹாலந்து தேசத்தார் தங்கள் நாட்டுச் சதுப்பு நிலங்களையெல்லாம் வெட்டி எரித்துத் தீர்த்துவிட்டவர்கள். 1980-களில் அவர்களுக்கு ஞானோதயம் உண்டாயிற்று. தங்கள் நாட்டில் மிச்சமில்லையே. அயர்லாந்தில் இன்னும் இருக்கிறதே என்று ஊரெல்லாம் பணம் வசூலித்து, ஐரிஷ் சதுப்பு நிலங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கி, அதை அயர்லாந்து சர்க்காரிடமே கொடுத்து, "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அடுத்த வீட்டுக்காரன் பணம் கொடுத்து நம் வீட்டுக் கிணற்றைத் தூர்க்காமல் காப்பாற்றுவது போன்ற காரியம் இது.

நம் தேசத்தில் 'பீட்' மண் இல்லை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். நீலகிரியின் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே, பள்ளத்தாக்குச் சேறுகளில் அது இருக்கிறது. அந்த மண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, இருபதினாயிரம் வருஷங்களில் பருவ மழை எப்போது கூடிற்று, எப்போது குறைந்தது என்று ஆர். சுகுமார் முதலிய நம் விஞ்ஞானிகள் 1993-ல் எழுதியதை உலகம் முழுவதும் படித்தார்கள். வானம் எழுதிவைத்த பஞ்சாங்கம் அந்தச் சேற்றில் இருந்தது.

இப்போது நாம் அம்பாசமுத்திரத்துக்கு வருவோம். இங்கே 'பீட்' மண் விவகாரம் கிடையாது. ஆனால் சர்க்கார் ஒரு மலையை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது, அதற்கு யாருக்கு என்ன கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்ற கதை இருக்கிறது. இங்கிலாந்துக் கதையைக் காட்டிலும் நீண்டது, சிக்கலும் அதிகம். 2028-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி வரைக்கும் அதற்குத் தவணை இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று மேற்கே பார்த்தால் நீல நிறமாகத் தெரியும் மலைத்தொடர்தான் விஷயம். பாலத்தின் இக்கரையில் அம்பை. அக்கரையில் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. நடுவே தாமிரபருணி. தமிழ்நாட்டு நதிகளில் சில வேறொரு ராஜ்யத்தில் பிறந்து, அங்குள்ளவர்கள் மனம் வைத்தால் நம்மிடம் வந்து சேருபவை. தாமிரபருணி அப்படியல்ல, பொதிகையில் பிறந்து, திருநெல்வேலியைத் தொட்டு, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பிறப்பும் புகுந்த வீடும் ஒரே சீமை. ஆகவே இந்த நதிக்கு ஏதேனும் கெடுதல் நேர்ந்தால் அதற்கு நாம் பிறரைக் குறை சொல்ல முடியாது.

தென்மேற்குப் பருவக் காற்றில் ஒரு தடவையும், வடகிழக்குப் பருவக் காற்றில் ஒரு தடவையும் இந்த மலைக்கு மழை உண்டு. அதனால்தான் இந்தப் பக்கத்து விவசாயிகள் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைவிக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். சுமார் எண்பத்தாறாயிரம் ஏக்கர் பாசனம். நதியுண்ணி என்ற பெயரைப் பாருங்கள்! நதியையே உண்ணுகிறதாம். இவ்வளவு வாய்களுக்கும் தண்ணீர் ஊட்டுவது அந்த மலைக்காடுதான்.

மழை நின்ற பிறகும் ஆற்றில் நீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? மழைநீர் இலைமேல் விழுந்து, கிளை வழியே இறங்கி, சருகில் ஊறி, வேரடி மண்ணில் புகுந்து, மெள்ள மெள்ளக் கசிந்து ஓடையாகிறது. மொட்டைப் பாறையில் பெய்த மழை மாலைக்குள் ஓடிவிடும்; காட்டில் பெய்த மழை மாசி பங்குனி வரைக்கும் வந்துகொண்டிருக்கும். நீலகிரிச் சேறும் அயர்லாந்துச் சதுப்பும் செய்கிற அதே வேலையை இங்கே மரமும் சருகும் செய்கின்றன. காடு இருந்தால் வெள்ளமே வராது என்று சிலர் பேசுவதை மாத்திரம் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் காடும் குடை பிடிக்க முடியாது. சாதாரண வருஷங்களில்தான் காட்டின் அருமை தெரியும்.

மலையில் மணிமுத்தாறு உற்பத்தியாகும் பக்கத்துக்கு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர்கள். வடகிழக்குப் பருவ காலத்தில் பத்திரிகையில் மழையளவு அட்டவணை பார்க்கிற வழக்கமுள்ளவர்களுக்கு நாலுமுக்கும் ஊத்தும் நன்கு தெரிந்த பெயர்களாயிருக்கும். தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெரும்பாலும் இவற்றுக்குத்தான். இந்த இடத்தில்தான் 1929-ஆம் வருஷம் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது.

மலை அப்போது சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். திருவாங்கூர் மகாராஜாவுக்கு ஒரு யுத்தத்தில் உதவி செய்ததற்காகவும், அந்த யுத்தத்தில் சிங்கம்பட்டி இளவரசர் உயிர் துறந்ததற்காகவும், மகாராஜா இந்தக் காட்டை மானியமாகக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வாரிசைப் பறிகொடுத்துப் பெற்ற காடு பின்னால் ஒரு வாரிசின் வழக்குச் செலவுக்காகப் போயிற்று என்பது அதன் பிற்பகுதி. 1919-ல் சென்னையில் ஜமீன் பிள்ளைகள் படித்துவந்த பள்ளியின் தலைவர் டி லா ஹே துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பிரசித்தமான கொலை வழக்கில் சிங்கம்பட்டி இளைய ஜமீன்தாரின் பெயரும் அடிபட்டது. வழக்கு, வக்கீல், கடன் என்று வளர்ந்த பாரத்தை இறக்கிவைக்கவே மலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

குத்தகைக்கு எடுத்தவர்கள் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். பரப்பு 8,373 ஏக்கரும் அரை ஏக்கருக்குச் சற்று மேலும். காலம் 99 வருஷம். வெள்ளைக்காரர் சட்டத்தில் 99 வருஷம் என்றால் 'என்றென்றைக்கும்' என்பதற்கு மரியாதையான பெயர். (பெரியாற்று அணைக்கு 1886-ல் 999 வருஷத்துக் குத்தகை எழுதினார்கள், அதற்கு என்ன பெயர் சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.)

இந்தக் கம்பெனியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1863-ல் வாலஸ் சகோதரர்கள் என்ற ஸ்காத்லாந்துக்காரர்கள் ஏற்படுத்திய கம்பெனி இது. பர்மாவில் தேக்கு வெட்டிப் பெரும் பொருள் சேர்த்தது. வெட்டின மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டினார்கள் என்று 1885-ல் பர்மிய மன்னர் தீபாவின் சபை கம்பெனிக்குப் பெருந்தொகை அபராதம் விதித்தது. மரக்கணக்கில் வந்த தகராறு மண்டலே மீது படையெடுப்பதற்குச் சாக்காயிற்று. அந்த வருஷம் நவம்பரிலேயே மண்டலே விழுந்தது. மன்னரையும் ராணியையும் கப்பலேற்றி ரத்தினகிரியில் கொண்டுவந்து வைத்தார்கள். தீபா மன்னர் 1916-ல் அங்கேயே காலமானார். ஒரு கம்பெனியின் மரக் கட்டைக்காக ஒரு ராஜ்யம் போயிற்று! அந்தக் கம்பெனிதான் நாற்பத்து நான்கு வருஷத்துக்குப் பின் சிங்கம்பட்டி மலைக்குத் தேயிலை நட வந்தது. பிற்காலத்தில் அது இந்திய முதலாளிகளின் கைக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். காப்பி, ஏலம், சின்கோனா எல்லாம் வைத்தார்கள். வைத்தவர்கள் என்று பத்திரத்தில் இருப்பது கம்பெனியின் பெயர். உண்மையில் குழி வெட்டி நாற்று வைத்தவர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலைக்கு அப்பாலிருந்தும் கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழைக் குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் கீழே ஒரு குழி நிலமும் இல்லாத, தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த மக்கள். ரஸ்தா இல்லாத காலத்தில் மூட்டையும் குழந்தையுமாக மலையேறினார்கள். அட்டைக் கடியும், மலைக் காய்ச்சலும், விடாத மழையும் அவர்களை எதிர்கொண்டன. லயன் வீடுகளில் குடியிருந்து, கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி, நாலைந்து தலைமுறைகள் கழிந்தன. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், கோயில், மாதா கோயில் எல்லாம் உண்டாயின. ஆனால் ஒன்றுமட்டும் உண்டாகவில்லை. அதுதான் சொந்த வீடு. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரைதான் வீடு. அப்பன் வேலையிலிருந்து விலகினால், மகனோ மகளோ அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். படித்த பிள்ளையும் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியது இதனால்தான். நிலக் குத்தகை 99 வருஷம்; தொழிலாளியின் வீட்டுக் குத்தகை நாளுக்கு நாள்.

சுதந்திரம் வந்தது. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி, 1952-ல் சிங்கம்பட்டி ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இதைத்தான் நாம் 'வாங்கியது' என்று சொல்கிறோம். பலவந்தமாகப் பிடுங்கவில்லை, சட்டத்தில் கண்டபடி ஜமீன்தாருக்கு ஈட்டுத்தொகை உண்டு. மலை சர்க்காருடையதாயிற்று. கம்பெனியின் குத்தகையில் அப்போது 76 வருஷம் பாக்கியிருந்தது. அதை ரத்துச் செய்யாமல் தொடர்ந்து அனுபவிக்க விட்டார்கள். ஆக, ஜமீன்தாருக்குப் பணம் கிடைத்தது. கம்பெனிக்கு வருஷங்கள் கிடைத்தன. மூன்றாவது பேர்வழி ஒருவர் அந்த மலையில் மழையில் நனைந்துகொண்டு நின்றார் என்பது யாருடைய பைலிலும் ஏறவில்லை.

சிங்கம்பட்டியின் பட்டம் சூட்டப்பட்ட கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானார். சிறு பிள்ளையாயிருக்கும்போதே முடி சூட்டிக்கொண்டவர். ஜமீன் போன பிறகும், காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் அவர் வந்து அமர்வதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். அந்த அமாவாசைக்கு வந்தவர்கள் ஆற்றில் கழற்றிவிட்டுப் போகும் துணிமணிகளை வாரி அப்புறப்படுத்துவதே ஒரு தனி வேலை என்பதும் இங்கே சொல்லத்தக்கது. காட்டைக் கெடுப்பவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டுமல்ல.

இதற்குள் மலையைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கியது. 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஏற்பட்டது. சிங்கவால் குரங்கை உத்தேசித்து 1976-ல் களக்காடு சரணாலயம் ஏற்பட்டது. இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. அதன் மத்தியில், தேயிலைத் தோட்டம் பச்சை ஜமக்காளத்தில் ஒட்டுப்போட்டது போல இருந்தது.

சிங்கவால் குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில் சிங்கம் இருக்கிறதே தவிர, அது மரத்தை விட்டுத் தரையில் இறங்குவது அபூர்வமான கூச்சப் பிராணி. வெடிப்பலா மரத்தின் பூவும் காயும் அதன் ஆகாரத்தில் பெரும் பங்கு. காக்காச்சியைச் சுற்றியுள்ள காட்டில் வெடிப்பலாவும் பாலியும் வானளாவி நிற்கின்றன. 1990 முதற்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே மரத்தின் உச்சிவரை ஏறி, எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பூவை வௌவால் நாடுகிறது, எந்தப் பழத்தைக் குரங்கு தின்கிறது என்று வருஷக்கணக்காகக் குறித்திருக்கிறார்கள். காடு நடுவில் அறுபட்டால், மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் இந்தக் குரங்குக்குப் பாதை அறுபட்டதாகும். தேயிலைச் செடிமேல் நடந்து போக அது பழகவில்லை.

1999-ஆம் வருஷத்துச் சம்பவத்தை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவதற்கும் மனம் இடந்தரவில்லை. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளரை விடுவிக்கக் கேட்டும், ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் சென்றது. போலீஸார் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. மாஞ்சோலையில் கசிந்து இறங்கும் தண்ணீரெல்லாம் மணிமுத்தாறு வழியாக வந்து சேருவது அதே ஆற்றில்தான்.

கம்பெனி அந்த நிலத்துக்குப் பட்டா கோரிப் பல வருஷம் வழக்காடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. 2018-ல் அந்த மலைநிலத்தைச் சர்க்கார் காப்புக் காடாக அறிவித்தது. 2028-க்குமேல் குத்தகை நீடிக்காது என்பது கம்பெனிக்குத் தெளிவாகிவிட்டது. தெளிவான பிறகு, அதுவரை காத்திருப்பானேன் என்று எண்ணியது போலும். 2024-ஆம் வருஷம் மே மாதத்தில், எல்லாத் தொழிலாளரும் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு மலையை விட்டு இறங்கவேண்டுமென்று அறிவிப்பு வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். 'விருப்ப ஓய்வு' என்ற சொற்றொடரில் விருப்பம் யாருடையது என்று இலக்கணப் புலவர்கள்தான் சொல்லவேண்டும்.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். கையில் மஞ்சள் பை. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

"எங்கே தாயி போறீங்க?" என்று கேட்டோம்.

"மேலதான்யா. வீட்ல நாலு பாத்திரம் கெடக்கு. கோயிலுக்கும் ஒரு வெளக்கு போட்டுட்டு வரலாம்னு."

"கீழே எங்கே இருக்கீங்க?"

"மவன் வாடகைக்கு எடுத்திருக்கான். வெயிலுதான்யா தாங்கல. பொறந்ததுலேருந்து மின்விசிறி காத்துல படுத்ததில்ல. இப்ப அது இல்லாம கண்ண மூட முடியல."

"கம்பெனி பணம் கொடுத்ததா?"

"குடுத்தாக. முழுசா வரல. வந்ததுலயும் வீட்டுக்கு அட்வான்ஸ், பேத்தி பள்ளிக்கூடத்துக்கு பீஸுன்னு பாதி போச்சி." சற்று நேரம் மலைப் பக்கம் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவ அங்கதான் பொதைச்சிருக்கு. அதையும் புலிக்குத்தான் எழுதி வைக்கணுமாய்யா?" என்றாள்.

நம்மிடம் பதில் இல்லை. குதிரைவெட்டி பஸ் வந்தது; ஏறிக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டத்தைச் சர்க்காரே எடுத்து நடத்தவேண்டும் என்று தொழிலாளர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். இந்தக் கோரிக்கைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருக்கு வேலை கொடுப்பதற்காக, 1968-ல் நீலகிரியில் காட்டு நிலத்தில் தேயிலை வைத்துச் சர்க்கார் தோட்டம் ஆரம்பித்தார்கள். இன்றைய 'டான்டீ' அதுதான். ஆனால் அந்த ஸ்தாபனமே நஷ்டத்தில் தத்தளித்து, இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைக் காட்டிலாகாவிடம் திருப்பிக் கொடுக்க 2022-ல் முடிவாயிற்று. இருப்பதையே இறக்கிவைக்கிறவரிடம் இன்னொரு மூட்டையை ஏற்றுவது எப்படி? 2024 டிசம்பர் 3-ஆம் தேதி ஹைகோர்ட்டின் தீர்ப்பு வந்தது. தோட்டத்தைச் சர்க்கார் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை தள்ளுபடி; மறுவாழ்வுக்கு வேண்டிய உதவிகளைச் சர்க்கார் செய்யவேண்டும். இதன் பிறகும் சில குடும்பங்கள் இறங்க மனமின்றி மேலேயே இருந்தன. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, அகஸ்தியமலைப் பிரதேசம் முழுவதிலும் காடு எவ்வளவு சிதைந்திருக்கிறது, அதை மீட்க என்ன வழி என்று ஆராயும்படி மத்திய அதிகாரக் குழுவுக்கு உத்தரவிட்டது.

வன உரிமைச் சட்டம் ஒன்று 2006-ல் வந்ததே, அது இவர்களுக்கு உதவாதா என்று நேயர்கள் கேட்கலாம். பழங்குடிகள் அல்லாதவர் அந்தச் சட்டத்தில் உரிமை பெற, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் வசித்துக் காட்டைச் சார்ந்து பிழைத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர் வருகிறது. குத்தகைப் பத்திரம் 1929 பிப்ரவரி! முதல் முதலில் மலையேறிய குடும்பங்களுக்குச் சில மாதங்களிலேதான் வெற்றியும் தோல்வியும். அவர்கள் ஏறிய தேதியை யார் எழுதி வைத்தார்கள்? அன்றியும், கம்பெனியிடம் கூலி வாங்கிப் பிழைப்பது காட்டைச் சார்ந்த பிழைப்பாகுமா என்ற கேள்வியும் குறுக்கே நிற்கிறது. காரையாற்றுப் பக்கத்துக் காணி மக்களின் நிலை வேறு. அவர்கள் இந்த மலையின் பூர்வகுடிகள்.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். மலை காடாகவேண்டும், அதில் சந்தேகமில்லை. மூன்று ஜில்லாக்களின் குடிநீரையும், எண்பத்தாறாயிரம் ஏக்கர் நெல்லையும், ஒரு கம்பெனியின் தேயிலைப் பெட்டியோடு தராசில் வைக்க முடியாது. ஆனால் இங்கிலாந்தில் வெட்டுகிற உரிமையை விட்டுக்கொடுத்தவனுக்கு விலை கொடுத்தார்கள். இங்கே 1952-ல் ஜமீன்தாருக்கு விலை கொடுத்தார்கள். தொண்ணூற்றைந்து வருஷமாக அந்த மலையில் உழைத்தவனிடமிருந்து வாங்கவேண்டிய பாத்தியம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பத்திரம் இல்லையென்பதால் விலையும் இல்லையென்றாகிவிடுமா? அடுக்கு மாடியில் ஓர் அறை கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்பது சரியல்ல. அம்பாசமுத்திரம் தாலுகாவிலேயே, மணிமுத்தாற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில், வீட்டு மனையும் கொஞ்சம் சாகுபடி நிலமும் கொடுத்திருக்கலாம். மலைக்கு ஆகும் செலவில் இதுவும் ஒரு செலவு. மனிதரை இறக்கிவிட்டுப் புலியை ஏற்றும் காரியத்தில், புலிக்கு அதிகச் செலவில்லை. அது கூப்பிடாமலே வரும்.

காடு அப்படி வராது. தோட்டத்தை விட்டுவிட்டால் தானாகக் காடாகிவிடும் என்று நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பலர் நினைக்கிறார்கள். கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி, செடியாக நிற்பதில்லை. இடுப்புயரத்தில் மட்டமாக நிற்பது, விட்டால் இருபதடி முப்பதடி மரமாகிவிடும்; நெருக்கமாக நட்ட வரிசையாதலால் அடியில் வெளிச்சம் விழாது. நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்கள் இந்த மலைக்கு அந்நியமானவை. வெளிச்சம் விழும் இடமெல்லாம் உண்ணிச் செடி வந்து அடைத்துக்கொள்ளும். வெடிப்பலா, பாலி போன்றவற்றின் விதை கனமானது. காற்றில் பறந்துவந்து முளைக்காது. பிராணிகள் கொண்டுவந்து போட வேண்டும். அல்லது மனிதர் நாற்றுவிட்டு நடவேண்டும். வால்பாறைப் பக்கத்தில் தோட்டங்களுக்கு இடையே சிதைந்து கிடந்த காட்டுத் துண்டுகளில் இவ்விதம் நாட்டு மரக் கன்றுகளை நட்டு, களை பறித்துக் காப்பாற்றி வருகிறார்கள். வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும் வேலை அது.

நாற்றங்கால் போட, கன்று சுமக்க, சரிவில் குழி வெட்ட, மழையில் நனைந்துகொண்டு களை பிடுங்க ஆள் வேண்டும். எந்தச் சரிவில் மண் சரியும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும், யானை எந்த வழியாக எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஐந்நூறு குடும்பம் இப்போது கீழே வாடகை வீடுகளில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டிலாகாவினர் கூலிக்கு ஆள் எடுக்கும்போது முதல் பட்டியலை மாஞ்சோலைச் சம்பளப் புத்தகத்திலிருந்து எழுதலாம். புத்தகம் இன்னும் கம்பெனியின் பீரோவில்தான் இருக்கும்.